ரயிலுக்கு ஒரு ரூம் கேட்டேன்

பாப்பா, நேர்ல பேசினா ரெண்டு பேரும் கத்திடுவோம், அதான் எழுதுறேன். நான் கத்த ஆரம்பிச்சா உங்கப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவாரு, நீ ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்துவ, கடைசியில சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்னுடும். இப்போ ஸ்கூல் கன்டீன்ல ஓய்வு நேரம் முடிஞ்சு பிள்ளைங்க எல்லாம் வகுப்புக்குப் போயிட்டாங்க. மீ கோரெங் நூடுல்ஸ் பெரட்டின சட்டியத் தண்ணியில ஊற வச்சிட்டு மேசையில உட்கார்ந்திருக்கேன். சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடுறேன். அந்த ரயிலைப் பிரிக்காதே. நீ கட்டிக்கிட்டுப் போற வீட்டுக்கு அதுவும் உன்கூட வரணும். ஏன்னு கேட்டா இதைக் கடைசி வரைக்கும் படி. பாதியில நிறுத்திட்டு எனக்குப் போன் போடாதே.

நாளைக்கு உன் பிள்ளைங்க எடுத்துப் படிச்சாலும் புரியணும்னு உனக்குத் தெரிஞ்சதையே கொஞ்சம் விளக்கமா எழுதுறேன், பொறுத்துக்கோ. ஈப்போவுல, புந்தோங்ல நம்ம வாடகை வீட்டு முன் ரூம்ல சோபா கிடையாது, நாற்காலி கிடையாது. வர்றவங்க எல்லாரும் அடுப்படியிலதான் உட்காரணும். முன் ரூம் முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பலகை, பலகை மேல நம்ம பேராக் மாநிலமே சின்னதா. தெற்கே சிலிம் ரிவர்ல ஆரம்பிச்சு சுங்காய், தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜான்னு சுவரோரமாவே சுத்தி வந்து ஈப்போ ஸ்டேஷன்ல முடியுது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பலகை. வாடகை வீடு மாறினா கழட்டி எடுத்துட்டுப் போலாம்னு அன்னைக்கே யோசிச்சு போல்ட் போட்டு இணைச்ச. அதுல என் கட்டைவிரல் அகலத்துக்குத் தண்டவாளம், தண்டவாளத்துல கரண்டு ரயில். நீ அதை ஓட விட்டா உங்கப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொரு ஸ்டேஷனா பேர் சொல்லுவாரு, என்னமோ டிக்கெட் வாங்கிட்டு ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி.

நீ பல் டாக்டருங்களுக்குப் பொய்ப்பல் செஞ்சு கொடுக்கிற லேப்ல வேலைக்குச் சேர்ந்தப்போ எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். படிச்ச பொண்ணு, நாள் பூரா யார் வாய்க்கோ பல்லு தேய்ச்சுக்கிட்டு இருக்காளேன்னு நினைச்சேன். அந்த வேலையிலேர்ந்துதான் நீ மலையே செய்வன்னு எனக்கு அப்போ தெரியுமா? பல் அச்சு எடுக்கிற மாவு மீந்து கெட்டியாப் போறதை வாளியில கொண்டாந்து, கசக்கின பேப்பர் மேல ஊத்தி, காய்ஞ்சதும் பல்லு ராவுற சின்ன மிஷினால செதுக்கி, ஈப்போவைச் சுத்தி நிக்கிற சுண்ணாம்பு மலையை அப்படியே எழுப்பிட்ட. மழைத்தண்ணி ஒழுகின கறுப்புக் கோடு, பொந்துக்குள்ள தொங்குற கல்லு, விளிம்புல ஒட்டிக்கிட்டு நிக்கிற செடி, ஒண்ணையும் விடல. பல்லுக்குக் கம்பி கட்டுறாங்களே, அந்த மெல்லிசுக் கம்பிதான் ரயிலுக்கு மேல போற கரண்டு கம்பி. மூக்குக் கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி மாட்டிக்கிட்டு, நாக்கை லேசா வெளிய தள்ளிக்கிட்டு நீ ஒவ்வொரு போஸ்டா ஒட்டினப்போ, நான் சாப்பிடக் கூப்பிட வந்துட்டு கூப்பிடாமலே திரும்பிப் போயிருக்கேன். என் வயித்துல பிறந்த பிள்ளைக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியல. என்கிட்ட இருந்து வரல, அது மட்டும் நிச்சயம்.

ஒரு மலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கம்பார் பக்கம், உருண்டையா, பச்சையா, அழகா செஞ்சிருந்த. மறுநாள் பார்த்தா அதுல பாதியைக் கடிச்சு எடுத்த மாதிரி செதுக்கித் தள்ளிக்கிட்டு இருக்க. "ஏன்டி, நல்லா இருந்த மலையை?"ன்னு கேட்டேன். "அங்க கல்லு உடைக்கிறாங்கம்மா. இப்போ அப்படித்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு மிஷினை ஓட்டிக்கிட்டு இருந்த. எனக்குக் கோபம் வந்துச்சு. அடுத்த வாரம் காடியில அந்தப் பக்கம் போனப்போ ஜன்னல் வழியாப் பார்த்தேன். நீ செஞ்ச மாதிரியேதான் இருந்துச்சு, அந்த வெள்ளை வெட்டு, அடியில நிக்கிற லோரி, ரோட்டுல படிஞ்ச கல்லு மாவு எல்லாம். எத்தனை வருஷமா அந்த வழியாப் போறேன், நான் அதைப் பார்த்ததே இல்ல. உங்கப்பாகிட்ட சொன்னேன், மனுஷன் தலையை ஆட்டினாரு.

உன் மாமா, என் கூடப்பிறந்த தம்பி, வந்துட்டாருன்னா ஒரே பாட்டு. "ஏம்மா, புகை விடுற பழைய ரயிலு வைக்கலாம்ல? சுங்காய்ல நாங்க பிறந்த தோட்டத்தை வை. ரப்பர்ப் பால்மரம் வை. லயத்து வீடு வரிசையா வை. பார்க்கிறவங்க கண்ணு கலங்கணும்லா." நீ அவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்துக்கிட்டே சொன்ன, "மாமா, நான் பார்க்காததை என்னால செய்ய முடியாது. நான் பார்க்கிறதை யாராச்சும் செய்யணும்ல?" அவரு முகம் சுருங்கிடுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். தோட்டத்தை நினைச்சு உருகுற ஆளு நான் இல்ல, உனக்கே தெரியும். விடிஞ்சும் விடியாம வாளியத் தூக்கிக்கிட்டு ஓடினவளுக்குத்தான் தெரியும் அதோட அருமை. இப்போ அங்க பால்மரம் ஏது? எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. லயத்தை இடிச்சாச்சு, சனங்க டவுனுக்குப் போயாச்சு. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல புதுப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு நிக்குது. அதை நீ எப்படிச் செஞ்ச? திருவிழா அன்னைக்கு இருக்கிற மாதிரி செஞ்ச. கோயிலைச் சுத்தி நீலக் கெனோப்பிப் பந்தல், செம்மண் ரோட்டோரமா வரிசையா நிக்கிற காடிங்க, டிக்கியத் திறந்து பாய் எடுக்கிற ஒரு பொம்பளை. அது நான்தானேன்னு கேட்டேன். "இல்லம்மா, சும்மா ஒரு ஆன்ட்டி"ன்னு சொன்ன. என் பச்சைச் சேலைய எனக்கு அடையாளம் தெரியாதா? அந்த இடம் செத்துப்போன இடம்னு எல்லாரும் சொல்றாங்க. வருஷத்துக்கு ஒரு நாள் அத்தனை பேரும் காடி ஓட்டிக்கிட்டு வந்து நிக்கிறாங்களே, அதைப் பார்த்தவ நீதான்.

ரவைக் கதையையும் எழுதிடுறேன், இல்லேன்னா என்னைப் புத்திசாலின்னு நினைச்சிடுவாங்க உன் பிள்ளைங்க. தண்டவாளத்துக்குக் கீழே கொட்டுற சின்னக் கல்லு உனக்குத் தீர்ந்துபோச்சு. வெளியூர்ல இருந்து வரணும், வர மாசக்கணக்கா ஆகும்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்த. நான் விடுவேனா. கன்டீன்காரி இல்லையா. ரவையை வறுத்து, கறுப்பு மையில பெரட்டி, வெயில்ல காய வச்சுக் கொடுத்தேன். அசல் கல்லு மாதிரியே இருந்துச்சுன்னு நீயே சொன்ன. கம்பார்ல இருந்து தாப்பா ரோடு வரைக்கும் ரவையிலயே போட்ட. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு காலையில பார்த்தா எறும்பு சாரை சாரையா ஏறி வந்து பாதையைத் தூக்கிக்கிட்டுப் போகுது. பிளாட்பாரத்துல நிக்கிற பொம்மைங்களைத் தாண்டி, சிக்னலைத் தாண்டி, மேசைக் கால் வழியா இறங்கி வரிசையாப் போகுது. நீ திட்டுவன்னு பார்த்தேன். நீ முட்டி போட்டு உட்கார்ந்து அதுங்களையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "தாப்பா ரோட்டுல டிரெயின் டிலேம்மா, எறும்பு காரணம்"ன்னு சொன்ன. அப்புறம் மீன்தொட்டிக் கடையில மணல் வாங்கி, சலிச்சு, அத்தனை தூரத்தையும் சுரண்டி எடுத்துட்டு மறுபடி போட்ட. அதைப் பத்தி ஒரு வார்த்தை குத்திக் காட்டல. உதவி செய்றேன்னு வந்து கெடுத்தவளை அப்படி மன்னிக்கிறதுக்கு ஒரு மனசு வேணும். உன் புது வீட்டுலயும் உதவி செய்றேன்னு வந்து கெடுக்கிறவங்க நிறைய இருப்பாங்க, பாப்பா. அன்னைக்கு எறும்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தியே, அதே மாதிரி உட்காரு.

தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க கதையும் அப்படித்தான். எல்லா வீட்டுலயும் முறுக்கு சுத்திக்கிட்டு இருந்தப்போ நம்ம வீட்டுல செம்பனை சுத்திக்கிட்டு இருந்தாங்க. பச்சை ராஃபியா கயித்தைக் கிழிச்சு, பல்குத்துற குச்சி உச்சியில கட்டி, கத்திரியால ஓரத்தை நறுக்கணும். உன் மாமா செஞ்சது எல்லாம் விளக்குமாறு மாதிரி இருந்துச்சு. உங்கப்பா செம்பனைக்காய் ஏத்துற லோரி ஓட்டுறவரு, அவரு ஒரு மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "காய் அறுத்த மரம்னா கீழ்மட்டை வெட்டியிருக்கும்"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்து கீழ்மட்டையா நறுக்க ஆரம்பிச்சிட்டாரு. பேசிப் பேசி வாய் வலிக்கிற சனம், அன்னைக்கு தலையைக் குனிஞ்சு மரம் செஞ்சுது. நம்ம வீட்டுல அவ்வளவு பேரு சண்டை போடாம ஒண்ணா உட்கார்ந்ததை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல.

இப்போ விஷயத்துக்கு வாரேன். சரவணனை எனக்குப் பிடிச்சிருக்கு. பாகான் செராய்ல அரிசி மில்லுல மெக்கானிக், கை அழுக்கா இருந்தாலும் பேச்சு சுத்தம். உன் ரயிலை முதல்தடவை பார்த்தப்போ அவன் கீழே குனிஞ்சு பலகைக்கு அடியில ஒயரு எப்படிப் போகுதுன்னுதான் பார்த்தான். அப்பவே நினைச்சேன், சரி, இவன் ஆளு வேறன்னு. பிரச்சனை அவன் இல்ல. பொண்ணு பார்க்க வந்தாங்களே, அன்னைக்கு அவனோட அத்தைக்காரி முன் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்"ன்னா. சரியாகிறதுக்கு அது என்ன காய்ச்சலா? என் வாய் வரைக்கும் வந்துச்சு, பொண்ணோட அம்மாவாச்சேன்னு அடக்கிக்கிட்டேன். ஆனா என்னை உலுக்கினது அவ சிரிப்பு இல்ல பாப்பா. நீயும் கூடச் சேர்ந்து சிரிச்ச. "ஆமா ஆன்ட்டி, சும்மா பொழுதுபோக்கு"ன்னு சொன்ன. பொழுதுபோக்காம். நீ சாப்பாட்டை மறந்து செஞ்சது, உன் கை சுட்டுக்கிட்டு செஞ்சது.

மறுநாள் நான் வேலை விட்டு வந்தப்போ நீ பலகைக்கு அடியில மல்லாந்து படுத்திருந்த. ரிப்பேர் பண்றேன்னு நினைச்சு நான் துணி துவைக்கப் போயிட்டேன். சாயங்காலம் பார்த்தா தாப்பா ரோட்டுக்கும் கம்பாருக்கும் நடுவுல ஒயரு எல்லாம் அறுந்து தொங்குது. கேட்டதுக்கு, "அங்க அவங்க வீட்டுல இடம் இல்லம்மா, இனிமே நேரமும் இருக்காது. மலையை லேப்ல வச்சுக்குவாங்க, மத்ததை யாராச்சும் கேட்டா கொடுத்துடலாம்"ன்னு ஏதோ பழைய பேப்பர் போடுற மாதிரி சொன்ன. "அவங்க இடம் இல்லேன்னு சொன்னாங்களா?"ன்னு கேட்டேன். "கேட்கலம்மா, கேட்டா நல்லா இருக்காது"ன்ன. அன்னைக்கு நம்ம சண்டை போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். பரிசத்து அன்னைக்கு நீயே வெள்ளை பெட்ஷீட்டை எடுத்து பேராக் மேல போர்த்தி விட்ட. நான் உன்னைத் தடுக்கல, ஏன்னா அதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.

பரிசத்துல நீ உள்ள ரூம்ல இருந்த. மேக்கப் போட வந்த பொண்ணு பாட்டை அலற விட்டுக்கிட்டு உனக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தா. வெளியே ஏன் இவ்வளவு நேரம்னு நீ கேட்டதுக்கு, நல்ல நேரத்துக்குக் காத்திருக்கோம்னு சொல்லச் சொன்னேன். நல்ல நேரம் எல்லாம் எப்பவோ வந்துடுச்சு. நடந்தது வேற. வாசல்ல கெனோப்பிக்குக் கீழே ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பாயில உட்கார்ந்தாச்சு. நடுவுல தட்டு வச்சாச்சு. சேலை, தாலி, மண்டபம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. அவங்க பக்கத்துப் பெரியவரு, "பொண்ணு வீட்டுல ஏதும் சொல்லணுமா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் கேட்கிறதுதான், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, உடனே தட்டை மாத்திடுவாங்க. நான் எழுந்து நின்னேன். "எங்களுக்கு ஒண்ணு வேணும். உங்க வீட்டுல ஒரு ரூம் வேணும். என் மகளோட ரயிலுக்கு"ன்னு சொன்னேன்.

உன் மாமா என் சேலை நுனியப் பிடிச்சு இழுத்தாரு, "அக்கா, உட்காருக்கா"ன்னு. பெரியவரு உங்கப்பாவைப் பார்த்தாரு, ஆம்பளை ஏதாச்சும் சொல்லி சமாளிப்பாருன்னு. உங்கப்பா, "அவ சொல்றதுதான்"னு சொல்லிட்டுக் கீழே பார்த்துக்கிட்டாரு. அந்த நிமிஷம் எனக்கு அந்த மனுஷனை மறுபடியும் கட்டிக்கலாம் போல இருந்துச்சு. அத்தைக்காரி விடுவாளா. "சீர் வேணும்னு நாங்க வாயைத் திறக்கல, நீங்க எங்க வீட்டுலயே ரூம் கேட்கிறீங்களே, இது என்ன புது வழக்கமா இருக்கு?"ன்னு நீட்டினா. "ஆமா, புதுசுதான்"னு சொன்னேன். என் வாயால உன் கல்யாணம் நின்னு போச்சுன்னா உன் முகத்துல எப்படி முழிப்பேன்னு பயம் ஒரு பக்கம். இப்போ கேட்காம விட்டா அப்புறம் எப்பவும் கேட்க முடியாதுன்னு இன்னொரு பக்கம்.

சரவணனோட அம்மா, புருஷன் போனதுக்கப்புறம் தனியா நின்னு பிள்ளைய வளர்த்த பொம்பளை, லேசுல மனசுல இருக்கிறதைக் காட்ட மாட்டாங்க. மெதுவா எழுந்து, "முதல்ல அதைக் காட்டுங்க, சம்மந்தி"ன்னாங்க. நான் கூட்டிட்டுப் போனேன். பின்னாடியே சரவணன் வந்தான், அத்தைக்காரியும் வந்தா, வராம இருப்பாளா. பெட்ஷீட்டை எடுத்தேன். தொடக் கூடாதுன்னு நீ சொன்ன கறுப்பு பொத்தானைத் திருப்பினேன், தப்புன்னா தப்புதான். சிலிம் ரிவர்ல இருந்து ரயில் கிளம்புச்சு. அவங்க கூடவே நடந்தாங்க. சுங்காய்ல கோயிலைப் பார்த்தாங்க, செம்பனையைப் பார்த்தாங்க, தாப்பா ரோட்டுல பிளாட்பாரத்துல நிக்கிற ஒவ்வொருத்தரையா குனிஞ்சு பார்த்தாங்க. அதைத் தாண்டினதும் ரயில் நின்னுடுச்சு.

"ஏன் நின்னுடுச்சு?"ன்னு கேட்டாங்க.

"என் மக ஒயரை அறுத்துட்டா"ன்னேன்.

"எதுக்கு?"

"உங்க வீட்டுக்கு வர்றதுக்கு."

நான் இடிச்சுச் சொல்லணும்னு சொல்லல பாப்பா. நிஜம் அதுதானே, வாயிலேர்ந்து வந்துடுச்சு. சரவணன் முகம் செத்துப் போச்சு. "அறுத்துட்டாளா? எப்போ? என்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னு பலகைக்குக் கீழே குனிஞ்சு அறுந்த ஒயரைக் கையில எடுத்துப் பார்த்தான், அடிபட்ட கோழியத் தூக்கிப் பார்க்கிற மாதிரி. அவன் அம்மா அவனைப் பார்த்தாங்க, நின்ன ரயிலைப் பார்த்தாங்க, நாத்தனாரைப் பார்த்தாங்க. அப்புறம் அவங்க, "பின்னாடி நெல்லு சாக்கு போட்டு வச்சிருக்கிற ரூம் இருக்கு. சாக்கை எடுத்துடலாம். எலி வரும், அதை மட்டும் பார்த்துக்கணும்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு அங்கேயே கட்டிப்பிடிச்சு அழணும் போல இருந்துச்சு, சம்மந்தி முறைன்னு தள்ளியே நின்னேன். கதவுகிட்ட போனவங்க திரும்பி, "எங்க ஊரு எங்க இதுல?"ன்னு கேட்டாங்க. ஈப்போவோட முடிஞ்சிடுச்சு, இன்னும் அங்க வரலன்னு சொன்னேன். "ரூம் கொடுத்தா வரணும்ல"ன்னாங்க, கொஞ்சம் சிரிப்பு எட்டிப் பார்த்துச்சு. "எங்க ஊருக்கு முன்னாடி புக்கிட் மேரா ஏரி வரும். தண்ணிக்கு நடுவுல ரயில் போகும். அதை எப்படிச் செய்வா உங்க பொண்ணு?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா செய்வா"ன்னு சொன்னேன். வெளியே வந்து தட்டை மாத்தினோம். நீ சேலை கட்டிக்கிட்டு வந்து எல்லாரையும் கும்பிட்ட. அத்தைக்காரி உனக்குத் தானே முன்வந்து பூ வச்சுவிட்டா, நீ ஆச்சரியமாப் பார்த்த. அதுக்குக் காரணம் இதுதான். சரவணன்கிட்ட நான்தான் சொன்னேன், என் மககிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதேன்னு. பாவம், இந்த நாலு நாளா உன் போனுக்கெல்லாம் "ம், ம்"னு பதில் சொல்லிக்கிட்டு இருக்கானாமே. அவனைத் திட்டாதே.

உனக்கு நான் புத்தி சொல்ற அளவுக்குப் பெரிய ஆளு இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், இதை மட்டும் கேட்டுக்கோ. அவங்க கெட்டவங்க இல்ல. நீ கேட்கல, அதனால அவங்களுக்குத் தெரியல. கேட்டிருந்தா அன்னைக்கே அந்தச் சாக்கு ரூம் உனக்குக் கிடைச்சிருக்கும். இனிமே அந்த வீட்டுல உனக்கு வேணும்ங்கிறதை நீயே வாயைத் திறந்து கேளு. தலைக்கு மேல ஒரு காத்தாடி வேணும்னாலும் கேளு, தனியா ஒரு மணி நேரம் வேணும்னாலும் கேளு, எங்க வீட்டுக்கு வரணும்னாலும் கேளு. இல்லேன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். ஆனா அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீயே உன்னை அறுத்துக்காதே. யாராச்சும் சிரிச்சா கூடச் சேர்ந்து சிரிக்காதே. கல்லு உடைக்கிற மலையை உடைஞ்ச மாதிரியே வச்சவ நீ. உன் மாமா எவ்வளவோ சொல்லியும் மசியாதவ. அந்தப் பொண்ணு கல்யாணம் பேசினதும் எங்கே போனா? அவளைத்தான் நான் வளர்த்தேன், அவளைத்தான் அவங்க வீட்டுக்கு அனுப்புறேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் உங்கப்பா முதலாளிகிட்ட லோரி கேட்டிருக்காரு. காயேத்துற லோரியில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்னு இப்பவே கழுவ ஆரம்பிச்சுட்டாரு. சரவணனும் கூட வந்து பலகையைத் தூக்குறேன்னிருக்கான். அதுக்குள்ள அறுத்த ஒயரை நீயே உன் கையால ஒட்டு. அவன் ஒட்டித் தர்றேன்னு சொன்னாலும் கொடுக்காதே.

இன்னொண்ணு. பரிசம் முடிஞ்சு எல்லாரும் போனதுக்கப்புறம் நான் பெட்ஷீட்டை மடிக்கப் போனப்போ ஈப்போ ஸ்டேஷன் பலகையோட பக்கவாட்டுல ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். உன் எழுத்துல "அம்மா"ன்னு எழுதியிருந்துச்சு. மத்ததை எல்லாம் யாருக்கோ கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணினப்போ, ஈப்போவை மட்டும் எனக்கு வச்சிருக்க. அந்த வெள்ளைக் கட்டடம், கும்மட்டம், முன்னாடி நிக்கிற மரம் எல்லாத்தையும். நான் அங்கேயே தரையில உட்கார்ந்து அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது வேணும். முன் ரூம் காலியாகிட்டா அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு எப்படி உட்காரப் போறேன்னு எனக்குத் தெரியல. அது ஒண்ணாவது இருந்தா நீ வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும். ஆனா யோசிச்சுப் பாரு. ஈப்போ பலகை இங்க இருந்துச்சுன்னா உன் ரயில் பத்து காஜாவோட நின்னுடும். ஈப்போ இல்லாம அது பாகான் செராய்க்கு எந்த வழியாப் போகும்?

அதனால தாளைக் கிழிச்சுட்டேன். ஈப்போவையும் எடுத்துட்டுப் போ. எனக்கு நிஜ ஈப்போ இருக்கு, ஸ்டேஷன் இருக்கு, பாகான் செராய்ல நிக்கிற ரயிலும் இருக்கு. டிக்கெட் எடுத்தா வந்துடுவேன். நீ அந்தச் சாக்கு ரூம்ல பலகையை மாட்டும்போது கீழே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டு வை. வேற ரூமெல்லாம் எனக்கு வேணாம், வந்தா நான் அங்கதான் படுப்பேன்.

அம்மா